கம்பம் பள்ளத்தாக்கின் கணினிகளும் ரெட்மண்டின் திறவுகோலும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் பயன்பாடுகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்திருந்தாலும், அவ்வாறு மாறுவதற்கு இயந்திரத்துக்குள் எந்தத் தலைமுறை நுண்செயலி இருக்க வேண்டும், எந்தப் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், மின்சாரம் பாய்ந்தவுடன் கணினி எந்த முறையில் எழ வேண்டும் என்பதையெல்லாம் அது 2021-லேயே வகுத்துவிட்டது. மென்பொருள் விற்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம், பிறர் தயாரித்து, பிறர் விற்று, வாங்கியவர் முழு விலையும் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்ட ஓர் இயந்திரம் எதுவரை பயன்பட வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் மட்டும் ஆராய வேண்டிய கேள்வியன்று. கணினியைப் பத்தாண்டுகளுக்கு மேலும் பழுது பார்த்துப் பயன்படுத்தும் தேனி, கம்பம், போடி போன்ற ஊர்களைத்தான் அந்தக் கேள்வி நேரடியாகத் தொடுகிறது.

இப்பகுதியை வயலும் தோட்டமும் சார்ந்த நிலம் என்று மட்டும் கருதுவோர், அந்த வயலும் தோட்டமும் இன்று எந்த அளவுக்குக் கணினியைச் சார்ந்திருக்கின்றன என்பதைக் கவனிப்பதில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல முறையில் நடைபெறுகிறது. வியாபாரிகள் திரைமுன் அமர்ந்து விலை கேட்க, இடுக்கி மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் காய்க்கு அங்கேயே விலை முடிவாகிறது. பட்டா, சிட்டா நகல்களும் சாதிச் சான்றிதழும் வேண்டுவோர் இ-சேவை மையத்துக்குச் செல்கின்றனர். திராட்சை, வாழை மண்டிகளின் கணக்குகள் கணினியில் ஏறியிருக்கின்றன. திருமண அழைப்பிதழ் முதல் ஃபிளெக்ஸ் பலகை வரை அனைத்தும் டிடிபி கடையின் பழைய மேசைக்கணினியிலிருந்து பிறக்கின்றன. பெருநகர நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கழித்துவிடும் இயந்திரங்கள் பழைய கணினிச் சந்தை வழியாக இத்தகைய ஊர்களை வந்தடைந்து இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஆகவே, ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் தலைமையகம் பழைய இயந்திரங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது, அதன் சுமை கடைசியாகவும் அதிகமாகவும் விழுவது இங்கேதான்.

இதில் தமிழகத்துக்கே உரிய இன்னொரு பரிமாணமும் உண்டு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கப்பட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாநிலம் முழுவதும் வழங்கப்பட்டன. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்தத் தலைமுறையே 2017-ன் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. எனவே 2011 முதல் 2017 வரை தேனி மாவட்டப் பள்ளிகளில் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில், இன்றும் உயிரோடு இருப்பவை எத்தனையாக இருந்தாலும், நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஒன்றுகூட இடம்பெற வழியில்லை. குடும்பத்தின் முதல் கணினியாக வீட்டுக்குள் வந்து, அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி, இன்னும் தட்டச்சுக்கும் விண்ணப்பம் நிரப்பவும் போதுமானதாக இருக்கும் ஒரு பொருள் இவ்வாறு காலாவதியானதாக அறிவிக்கப்படுகிறது.

இந்த நிலைமையின் வேர் தனியாள் கணினி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1981-ல் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அவசரத்தில் உதிரிப் பாகங்களைப் பிறரிடமிருந்தும், இயங்குதளத்தை அப்போது சிறு நிறுவனமாக இருந்த மைக்ரோசாஃப்டிடமிருந்தும் பெற்றது. அந்த இயங்குதளத்தைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் கணினியின் அமைப்பைக் காம்பாக் முதலிய நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டே நகலெடுத்தபின், எவரும் எவருடைய பாகத்தையும் வாங்கிக் கோத்துக்கொள்ளக்கூடிய ஒரு திறந்த இயந்திரம் உலகுக்குக் கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடையிலும் ராம் இன்னொரு கடையிலும் கேபினெட் வேறொரு கடையிலும் வாங்கி, தேனியில் ஒரு சிறு அறையில் கோத்துத் தரப்பட்ட ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ அந்தத் திறந்த தன்மையின் நேரடி விளைவு. ஒரு தலைமுறை இளைஞர்கள் கணினியைத் திறந்து பார்த்துக் கற்றதும், அதையே பிழைப்பாகக் கொண்டதும் அதனால்தான்.

ஆனால் வன்பொருள் பலர் கையில் சிதறிக்கிடக்க, எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒரே நிறுவனத்தின் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் அந்த நிலையை முதலில் ஒப்பந்தங்கள் வழியாகவே பயன்படுத்தியது. கணினித் தயாரிப்பாளர் எத்தனை செயலிகளை விற்கிறாரோ அத்தனைக்கும், அவற்றில் வேறு இயங்குதளம் போட்டிருந்தாலும்கூட, தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற உரிம முறையை அது நடத்திவந்தது; அமெரிக்க நீதித்துறையுடன் 1994-ல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அம்முறை கைவிடப்பட்டது. விண்டோஸுடன் இணைய உலாவியைச் சேர்த்துக் கட்டி, தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியது குறித்து 1998-ல் தொடரப்பட்ட பெரும் வழக்கு 2001-ல் சமரசத்தில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், இன்டெலுடன் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டிகள் மூலம், விண்டோஸ் முத்திரை ஒட்டப்பட வேண்டுமானால் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்லத் தொடங்கியது. விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் பொறித்த விசை 1994-ல் வந்ததும் இதே காலத்தில்தான். 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணினியின் பாகங்களை அடையாளம் கண்டு உரிமத்தை அவற்றோடு பிணைத்தது. போர்டை மாற்றினால் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்தச் சொல்லும் வழக்கத்தைச் சர்வீஸ் கடைகள் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தன.

இவையெல்லாம் வணிக அழுத்தங்கள். இயந்திரத்தின் உள்ளேயே அதிகாரத்தை ஊன்றும் எண்ணம் 2002-ல் ‘பல்லேடியம்’ என்ற திட்டத்தின் பெயரில் வெளிப்பட்டது. கணினிக்குள் தனிச் சில்லு ஒன்றை வைத்து, அதில் ஓடும் மென்பொருள் அங்கீகரிக்கப்பட்டதுதானா என்பதை இயந்திரமே சோதித்து, வெளியிலிருப்பவருக்கும் சான்று அளிக்கும் ஏற்பாடு அது. உரிமையாளரின் நம்பிக்கைக்கு மட்டுமின்றி, உரிமையாளருக்கு எதிராகப் பிறரின் நம்பிக்கைக்கும் அந்தச் சில்லு உழைக்கக்கூடும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மனும் அன்றே எச்சரித்தனர். பல்லேடியம் அதே வடிவில் வெளிவரவில்லை. ஆனால் அத்தகைய சில்லு, டிபிஎம் என்ற பெயரில் தொழில்துறைக் கூட்டமைப்பு ஒன்றின் தர நிர்ணயமாக வளர்ந்து, இன்று விண்டோஸ் 11-ன் கட்டாய உறுப்பாக வந்து நிற்கிறது.

டிபிஎம் செய்யும் வேலை, விளங்கிக்கொண்டால், அச்சுறுத்துவதாக இல்லை. தனிச் சில்லாகப் போர்டில் அமர்ந்திருந்தாலும் சரி, செயலிக்குள்ளேயே ஒரு பகுதியாக இருந்தாலும் சரி, அது மறைக்குறியீட்டுத் திறவுகோல்களை வெளியே எடுக்க முடியாதபடி தன்னுள் வைத்துக்கொள்கிறது. கணினி எழும்போது ஒவ்வொரு கட்டத்திலும் இயங்கவிருக்கும் நிரலின் சுருக்கக் குறியீடு அதில் பதிவாகிறது. வழக்கமாகப் பதியும் குறியீடுகளே பதிந்திருந்தால் மட்டும், வட்டில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் தரவுகளைத் திறக்கும் சாவியை அது விடுவிக்கிறது. திருடுபோன மடிக்கணினியின் வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டிப் படிக்க முயல்பவருக்கு எதுவும் கிடைக்காது. வங்கிக் கணக்கு விவரங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் மடிக்கணினியில் வைத்திருப்பவருக்கு இது உண்மையான பாதுகாப்புத்தான்.

அந்தப் பாதுகாப்புக்காக மட்டுமே விதிகள் வகுக்கப்பட்டன என்று ஏற்றுக்கொள்வதற்குத்தான் சான்றுகள் இடம் தரவில்லை. 2016 ஜூலை முதல் விண்டோஸ் 10 முத்திரையுடன் வெளிவரும் புதிய கணினிகளில் டிபிஎம் 2.0 இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதித்திருந்தது; அந்த விதிக்கு முழுவதும் உட்பட்டுத் தயாரிக்கப்பட்ட ஏழாம் தலைமுறை இன்டெல் கணினிகளும் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என்று ஐந்தே ஆண்டுகளில் விலக்கப்பட்டன. அவ்வாறு விலக்கப்பட்ட தலைமுறையிலிருந்து, கோர் ஐ7-7820எச்க்யூ என்ற மடிக்கணினிச் செயலி ஒன்று 2021 ஆகஸ்டில் பட்டியலுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பெயரிலேயே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினிக்குள் இருந்தது அந்தச் செயலிதான். கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10-ன் முடிவால் உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் மின்கழிவாகக்கூடும் என்று 2023-ன் இறுதியில் மதிப்பிட்டது. விலக்குக்கு வழி இருந்தது என்பதையும், அது யாருக்குத் திறந்தது என்பதையும் இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உணர்வார்.

டிபிஎம்மைவிட ஆழமான கட்டுப்பாடு செக்யூர் பூட் எனப்படும் ஏற்பாட்டில் இருக்கிறது. கணினியில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது இயங்குதளம் அன்று. போர்டிலேயே பதிந்திருக்கும் நிலைபொருள்தான். முன்னர் பயாஸ் என்றும் இப்போது யூஇஎஃப்ஐ என்றும் அழைக்கப்படும் இந்த நிலைபொருள், அடுத்து எதை எழுப்புவது என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய முறையில் அது கேள்வி கேட்காமல் எந்த இயங்குதளத்தையும் எழுப்பியது. புதிய முறையில், எழவிருக்கும் நிரலின் மீது மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா, அந்தக் கையொப்பம் தன்னிடமுள்ள நம்பகச் சான்றிதழ்களோடு பொருந்துகிறதா என்று பார்த்தபின்னரே வழிவிடுகிறது. போர்டைச் செய்வோர் தைவானிலும் சீனாவிலும் இருக்க, அநேகமாக எல்லாப் போர்டிலும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் சான்றிதழ்கள் மைக்ரோசாஃப்டினுடையவை. முல்லைப் பெரியாறு அணை நிற்கும் இடம் ஒரு மாநிலத்திலும், 1886 ஒப்பந்தத்தின்படி மதகைத் திறக்கும் உரிமை இன்னொரு மாநிலத்திலும் இருப்பதால்தான் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுகிறது என்பதை அறிந்த கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதும் அதை இயக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

செக்யூர் பூட் 2012-ல் விண்டோஸ் 8-உடன் முத்திரை நிபந்தனையாக வந்தபோது, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் இனி சாதாரணக் கணினியில் ஏறவே முடியாதோ என்ற அச்சம் எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபின், மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உரிமையாளர் இந்தச் சோதனையை அணைத்துவைக்கவும் தன் சொந்தச் சாவியைச் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று அந்த நிபந்தனைகள் கூறின. அதே ஆவணம், ஆர்ம் வகைச் செயலி கொண்ட கருவிகளில் அணைக்க வழியே இருக்கக் கூடாது என்றும் விதித்தது. தடையற்ற ஆதிக்கம் கிடைக்கும் இடத்தில் நிறுவனம் என்ன செய்ய விரும்பும் என்பதற்கு அந்த ஒரு விதி போதுமான சாட்சி. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது, அணைக்கும் வசதியைத் தருவதும் தராததும் தயாரிப்பாளர் விருப்பம் என்று முந்தைய உறுதியும் தளர்த்தப்பட்டது.

லினக்ஸ் வெளியீட்டாளர்கள் இதற்கு ஒரு சமரச வழியைக் கண்டனர். ‘ஷிம்’ என்னும் மிகச் சிறிய நிரலொன்றை எழுதி, மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தை அதற்குப் பெற்று, நிலைபொருள் அதை எழுப்பியதும் அது தன்னிடமுள்ள வேறு சாவியால் லினக்ஸைச் சோதித்து எழுப்பும் ஏற்பாடு அது. நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போட்டியாளரின் இயங்குதளம் எழுவதற்கும் மைக்ரோசாஃப்டே அனுமதி முத்திரை இட வேண்டும் என்ற நிலையை அது நிரந்தரமாக்கியது. 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் திருத்தம், பாதுகாப்புக் குறையுள்ள பழைய ஷிம் நிரல்களைத் தடுப்பதற்காக நிலைபொருளின் பட்டியலை மாற்றியபோது, இரண்டு இயங்குதளங்களும் வைத்திருந்த பலரின் கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளை அந்தத் திருத்தம் தொடாது என்று நிறுவனம் முன்பே கூறியிருந்தது. மேலும், போர்டுகளில் பதிக்கப்பட்ட 2011-ம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகும் வகையில் வழங்கப்பட்டவை. அவற்றின் இடத்தில் 2023-ம் ஆண்டுச் சான்றிதழ்களை ஏற்ற, விண்டோஸ் திருத்தமோ தயாரிப்பாளரின் நிலைபொருள் புதுப்பிப்போ தேவை. திருத்தம் நின்றுபோன கணினிக்கும், தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட போர்டுக்கும் அந்தப் புதுப்பிப்பு எங்கிருந்து வரும் என்பது பழைய இயந்திரங்களை நம்பியிருக்கும் ஊர்களுக்குரிய கேள்வி.

இந்தக் கட்டுப்பாடு ஏட்டில் உள்ள தத்துவம் அன்று என்பதைச் சர்வீஸ் கடையின் மேசையில் காணலாம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் ஒரு மாணவரின் மடிக்கணினிப் போர்டு எரிந்துபோய், கடைக்காரர் அதே வகைப் போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றுகிறார். வட்டு பழுதில்லாமல் இருக்கிறது. கணினியை ஏற்றியதும் நீல நிறத் திரை தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. விண்டோஸ் 11, பயனரின் கவனத்துக்கு வராமலேயே வட்டு முழுவதையும் பிட்லாக்கர் முறையில் பூட்டியிருக்கக்கூடும். பூட்டைத் திறக்கும் சாவியைப் பழைய போர்டிலிருந்த டிபிஎம் தன்னோடு கொண்டுபோய்விட்டது. அதன் நகல், கணினியை முதன்முதலில் தொடங்கியபோது கட்டாயமாகத் திறக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. “தம்பி, அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?” என்று கடைக்காரர் கேட்கும்போது, அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சல் முகவரியில், யார் கைபேசியில் திறக்கப்பட்டது என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகலாம். அப்படியானால் வட்டை வெறுமையாக்கி மீண்டும் ஓஎஸ் போடுவது ஒன்றே வழி. மூன்றாண்டுப் படிப்பின் குறிப்புகளும் செய்முறைத் திட்டமும் வட்டுக்குள் முழுமையாக இருக்க, அவற்றின் உரிமையாளருக்கு மட்டும் அவை இல்லாமல் போகின்றன.

பாதுகாப்பு என்ற வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது என்பதும் சொல்லப்பட வேண்டும். 2017 மே மாதம் 150-க்கு மேற்பட்ட நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல், திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸ் இயந்திரங்களைத்தான் பற்றிப் பரவியது. இயங்குதளம் எழுவதற்கு முன்பே உள்ளே நுழையும் பிளாக்லோட்டஸ் போன்ற கேடுநிரல்களும் 2023-ல் வெளிப்பட்டிருக்கின்றன. பூட்டு வேண்டாம் என்று கூறுவோர் இன்று எவரும் இல்லை. ஆனால் அதே வானாக்ரை, திருத்தம் கிடைக்காத கணினி அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து என்பதை நிறுவியிருக்க, இயங்கும் நிலையிலுள்ள கோடிக்கணக்கான கணினிகளுக்குத் திருத்தத்தை நிறுத்துவதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று வகைப்படுத்துவது பொருந்தாது. மேலும் ஓராண்டுக்குத் திருத்தம் வேண்டுவோர் 30 டாலர் செலுத்த வேண்டும், அல்லது கணினி அமைப்புகளை நிறுவனத்தின் மேகக் கணக்கோடு இணைக்க வேண்டும், அல்லது அதன் வெகுமதிப் புள்ளிகளைச் செலவிட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நுகர்வோர் அமைப்புகள் கண்டித்ததும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி, இலவசமாக வழங்க முன்வந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது, இந்தியாவிலிருந்து அத்தகைய வலிமையோடு கேட்ட குரல் எழவில்லை.

பாதையின் அடுத்த கட்டங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. டிபிஎம்மின் பணியைச் செயலிக்குள்ளேயே செய்யும் புளூட்டன் என்ற பகுதியை மைக்ரோசாஃப்ட் தானே வடிவமைத்து, இன்டெல், ஏஎம்டி, குவால்காம் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏற்றுக்கொள்வதாக 2020-ல் அறிவித்தது. அதன் நிலைபொருளை விண்டோஸ் திருத்தங்கள் வழியாகவும் புதுப்பிக்க முடியும். 2024-ல் விசைப்பலகையில் கோபைலட் விசை சேர்ந்தது. அதே ஆண்டு, நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்கீடுகளுக்குமேல் செய்யும் செயற்கை நுண்ணறிவுப் பகுதியும் 16 ஜிபி நினைவகமும் உள்ள கணினிகளுக்கே ‘கோபைலட் பிளஸ்’ முத்திரை என்று வகுக்கப்பட்டது.

இதற்கு மாற்று தேடும் முயற்சி தமிழகத்துக்குப் புதிதன்று. சொல்லப்போனால் தமிழகம் முன்னோடியாக இருந்து பின்தங்கிய துறை இது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி நாடெங்கும் கவனம் பெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸுடன் அதுவும் சேர்த்தே வழங்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. ஆனால் மடிக்கணினியில் லினக்ஸைப் பதித்துக் கொடுத்தவர்கள், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையோ பாடநூலையோ கூடவே கொடுக்கவில்லை. இரண்டு இயங்குதளங்களில் ஒன்று எதற்கு என்றே தெரியாத மாணவர், வட்டில் இடம் போதவில்லை என்று அதை அழிக்கச் சொல்லிக் கடையில் கொடுப்பது இயல்பாயிற்று.

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வி ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் தொடர்ச்சியாக 2017-ல் உருவான கைட் நிறுவனம் தானே தொகுத்த லினக்ஸ் இயங்குதளத்தை, 2019-ம் ஆண்டுப் பதிப்பின்போது, பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் பதிப்பதாகவும், உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் தெரிவித்தது. அங்கு வேறுபட்டது மென்பொருள் மட்டுமன்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி இருந்தது. பாடநூல் அதே இயங்குதளத்தைக் கொண்டு எழுதப்பட்டது. தேர்வும் அதிலேயே நடந்தது. கம்பத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தொழிலாளியின் பிள்ளைக்கும், குமுளியில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மலைச்சாலையின் நீளம்தான்; இயங்குதளம் நின்றுபோனதால் பள்ளிக் கணினியைக் கழிக்க வேண்டிய நெருக்கடி இரண்டாமவரின் பள்ளிக்கு வருவதில்லை.

தமிழகத்தின் சிற்றூர்களில் மாறுவதற்கு உள்ள தடைகளும் உண்மையானவை. மண்டிக் கணக்கு டேலியில் இருக்கிறது. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜிஎஸ்டி, ஒப்பந்தப்புள்ளி வேலைகளுக்கான மின்னணுக் கையொப்ப டோக்கனைப் பலர் விண்டோஸில் மட்டுமே இயக்கிப் பழகியிருக்கின்றனர். டிடிபி கடையின் பல்லாண்டு உழைப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கிறது. இவர்களிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று பொதுவாக அறிவுரை கூறுவது அவர்கள் தொழிலை அறியாதவர் செய்யும் வேலை. எனினும் பள்ளி மாணவரின் மடிக்கணினிக்கும், நூலகத்தின் கணினிக்கும், வீட்டில் இணையமும் தட்டச்சும் மட்டுமே வேண்டுவோருக்கும் இந்தத் தடைகள் பொருந்துவதில்லை. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய இலவச மடிக்கணினியில் ஓர் எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தி, இலகுவான லினக்ஸ் பதிப்பொன்றை ஏற்றினால் அது மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்கான வழிகாட்டுதல்களைக் கணியம் இதழ் 2012 முதல் தமிழிலேயே வெளியிட்டுவருகிறது.

தனிநபரின் முயற்சிக்கு எட்டாத ஒரு வலிமை மாநில அரசிடம் இருக்கிறது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் ஒப்பந்தப்புள்ளியில் எழுதும் நிபந்தனையைத் தயாரிப்பாளர் எளிதில் மறுக்க மாட்டார். செக்யூர் பூட் அமைப்பில் உரிமையாளர் தன் சாவியைச் சேர்க்கவும் தேவையெனில் சோதனையை அணைக்கவும் வழி இருக்க வேண்டும் என்றும், நிறுவனக் கணக்கு இல்லாமலே கணினியைத் தொடங்க முடிய வேண்டும் என்றும், வட்டு பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவி அச்சிட்ட தாளாக மாணவர் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்றும், நிலைபொருள் புதுப்பிப்பு பத்தாண்டுகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும் என்றும் எல்காட் கேட்கலாம். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் உதிரிப் பாகத்தையும் கையேட்டையும் பற்றிப் பேசுகிறது. சான்றிதழும் மென்பொருள் திருத்தமும் உதிரிப் பாகத்துக்கு நிகரானவை என்ற நிலைப்பாட்டைத் தமிழக அரசு அங்கே முன்வைக்கலாம். உத்தமபாளையத்திலோ போடியிலோ அடுத்து மடிக்கணினி பெறும் மாணவர் அதை 2035-ல் தன் தம்பிக்குக் கொடுக்க முடியுமா என்பது, அந்த ஒப்பந்தப்புள்ளியில் இந்த வரிகள் இடம்பெறுவதைப் பொறுத்திருக்கிறது.